படத்தில் இல்லாத ஒருவர்: அவசர அழைப்பை எடுப்பவர்களுக்கு அங்கீகாரம் என்றால் என்ன?

தீப்பிடித்த வீட்டிலிருந்து ஒரு குடும்பம் மீட்கப்பட்டது என்று செய்தி வந்தால், கூடவே ஒரு படமும் வரும். தலைக்கவசம் போட்ட தீயணைப்பு வீரர்கள் நிற்பார்கள், பின்னால் வண்டி தெரியும், ஓரமாக ஆம்புலன்ஸ் ஊழியர் ஒருவர் இருப்பார். அந்த வண்டி அந்த வாசலில் வந்து நிற்பதற்குக் காரணமாக இருந்தவர் மட்டும் படத்தில் இருக்க மாட்டார். அவர் அப்போது பல கிலோமீட்டர் தள்ளி, காதில் ஹெட்செட்டோடு, அடுத்த அழைப்பை எடுத்திருப்பார்.

அவரைத்தான் டிஸ்பேட்சர் என்கிறார்கள். தமிழில் அவருக்கென்று நிலைத்த சொல் இல்லை. "கன்ட்ரோல் ரூமில் போன் எடுப்பவர்" என்று பேச்சுவழக்கில் சொல்லிவிடுகிறோம். இந்தப் பெயரில் பாதி வேலை விடுபட்டுப் போகிறது. போனை எடுப்பது அந்த வேலையின் முதல் இரண்டு விநாடிதான்.

இவர்களை ஊரறிய மதிக்க வேண்டும், மற்ற மீட்புப் பணியாளர்களோடு சேர்த்து எண்ண வேண்டும் என்ற கோரிக்கை பல நாடுகளில் பல ஆண்டுகளாக இருக்கிறது. அதற்கென்று தனி வாரம் கொண்டாடுகிறார்கள், சட்டமன்றங்களில் மசோதா கொண்டுவருகிறார்கள். இந்தக் கோரிக்கையின் நியாயம் புரிய, முதலில் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் என்ன செய்கிறார் என்று தெரிய வேண்டும்.

பெரிய கட்டுப்பாட்டு அறைகளில் வேலை இரண்டாகப் பிரிந்திருக்கும். ஒருவர் அழைப்பை எடுத்துப் பேசுவார், திரையில் விவரங்களைத் தட்டச்சு செய்துகொண்டே போவார். இன்னொருவர் அதே விவரங்களைத் தன் திரையில் பார்த்து, எந்த வண்டி பக்கத்தில் இருக்கிறது, எது காலியாக இருக்கிறது என்று கணக்குப் போட்டு, வயர்லெஸ்ஸில் அனுப்பிவைப்பார். சிறிய இடங்களில் இரண்டையும் ஒரே ஆள் செய்வார். ஒரு காதில் அழுகை, இன்னொரு காதில் வயர்லெஸ், கை விசைப்பலகையில், கண் வரைபடத்தில்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் கோபப்படாத ஆள் இல்லை. "நான் இங்கே துடிச்சுக்கிட்டு இருக்கேன், இவங்க கேள்வி மேல கேள்வி கேக்கறாங்க" என்று பலரும் நினைப்பதுண்டு. இடமும் என்ன ஆபத்து என்பதும் தெரிந்தவுடனே பெரும்பாலும் வண்டி புறப்பட்டிருக்கும். மீதிக் கேள்விகள் வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே கேட்கப்படுகின்றன. வருகிறவர்கள் எதை எடுத்துக்கொண்டு உள்ளே ஓட வேண்டும், கூடுதல் ஆள் வேண்டுமா, உள்ளே போவது அவர்களுக்கு ஆபத்தா என்பதெல்லாம் அந்தப் பதில்களில்தான் இருக்கிறது. முதல் கேள்வி ஏன் பெரும்பாலும் "எங்கே இருக்கிறீர்கள்?" என்று வருகிறது? லைன் துண்டிக்கப்பட்டாலும் இடம் மட்டும் தெரிந்தால் ஆளை அனுப்பிவிடலாம். என்ன நடந்தது என்று தெரிந்து, எங்கே என்று தெரியாவிட்டால் எதுவும் செய்ய முடியாது. செல்போன் கோபுரம் காட்டும் இடம் சில நேரம் ஒரு முழுப் பகுதியையே காட்டும். அதில் எந்த வீடு, எந்த மாடி என்று அழைத்தவர்தான் சொல்ல வேண்டும்.

சரி, ஓர் அழைப்பை உள்ளே போய்ப் பார்ப்போம். இது யாருக்கோ நடந்த கதை இல்லை, ஆனால் இந்த மாதிரி அழைப்பு வராத கட்டுப்பாட்டு அறையும் இல்லை.

"அப்பா கீழ விழுந்துட்டாருங்க!"

இடம் வாங்கியாகிவிட்டது. அடுத்து இரண்டு கேள்விகள்தான். கூப்பிட்டால் கண் திறக்கிறாரா? மூச்சு எப்படி இருக்கிறது? மகள் சொல்கிறாள்: "மூச்சு இருக்குங்க... இழுத்துக்கிட்டு இருக்கு."

நம் வீடுகளில் சாதாரணமாகச் சொல்லும் வார்த்தை இது. இந்த ஒரு சொல்லில் அனுபவப்பட்ட டிஸ்பேட்சர் நிமிர்ந்து உட்காருவார். விட்டு விட்டு, வாயைத் திறந்து இழுக்கும் மூச்சு உண்மையில் மூச்சே இல்லை. இதயம் நின்ற பிறகும் மூளைத் தண்டு சில நிமிடங்கள் எழுப்பும் அசைவு. பக்கத்தில் இருப்பவர்கள் "மூச்சு வருதே" என்று நம்பிக் காத்திருப்பார்கள், அந்தக் காத்திருப்பில் ஆள் போய்விடுவார். இதயம் நின்ற ஒருவருக்கு மார்பு அழுத்தம் கொடுக்காமல் கழியும் ஒவ்வொரு நிமிடத்திலும் பிழைக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. வண்டி எவ்வளவு வேகமாக வந்தாலும் அந்த முதல் நிமிடங்களுக்குள் வர முடியாது. அந்த வீட்டுக்குள் அந்த நேரத்தில் இருக்கும் மருத்துவ அறிவு முழுவதும் போனில் இருக்கும் குரல்தான்.

"அம்மா, நான் சொல்றதை மட்டும் கேளுங்க. போனை ஸ்பீக்கர்ல போட்டுக் கீழ வைங்க. அப்பாவைத் தரையில மல்லாக்கப் படுக்க வைங்க. மார்பு நடுவுல ஒரு உள்ளங்கையை வைங்க, அது மேல இன்னொரு கை. கையை மடக்காம நல்லா அழுத்துங்க. என்கூட எண்ணுங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு..."

பெரியவர்களுக்கு மார்பு 5 சென்டிமீட்டர் கீழே போகுமளவு அழுத்த வேண்டும், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. அந்த வேகத்தை மகளின் கையில் கொண்டுவருவது டிஸ்பேட்சரின் எண்ணும் குரல். அவள் களைத்துப் போவாள், அழுவாள், "முடியலைங்க" என்பாள். குரல் நிற்காது. "முடியும்மா, வண்டி வந்துக்கிட்டே இருக்கு, விடாதீங்க, ஒண்ணு, ரெண்டு..." எட்டு நிமிடம், பத்து நிமிடம். பதறாத காரியம் சிதறாது என்பார்கள். இங்கே இரண்டு பேருக்கும் சேர்த்து ஒருவர் பதறாமல் இருக்க வேண்டும்.

பிறகு கதவு திறக்கும் சத்தம், பூட்ஸ் சத்தம், "தள்ளுங்க, நாங்க பாத்துக்கறோம்" என்ற குரல். லைன் துண்டிக்கப்படும்.

அப்பா பிழைத்தாரா? டிஸ்பேட்சருக்குத் தெரியாது. பெரும்பாலும் தெரியவே போவதில்லை. அவர் முன்னால் அடுத்த அழைப்பு மின்னிக்கொண்டிருக்கும். அதில் யாரோ பக்கத்து வீட்டில் பாட்டுச் சத்தம் அதிகம் என்று புகார் சொல்வார்கள். அதே பொறுமையோடு அதையும் கேட்க வேண்டும்.

இந்த வேலையில் என்னை அதிகம் உலுக்கும் விஷயம் இதுதான். தீயணைப்பு வீரர் தீ அணைவதைப் பார்க்கிறார். மருத்துவர் நோயாளி கண் விழிப்பதையோ விழிக்காமல் போவதையோ பார்க்கிறார். டிஸ்பேட்சர் ஒவ்வொரு நாளும் பத்துக் கதைகளின் நடுப்பக்கத்தை மட்டும் படித்துவிட்டு வீட்டுக்குப் போகிறார். கண்ணால் பார்க்காததால் பாதிப்புக் குறைவு என்று நினைப்பது இயல்பு. ஆனால் காது மட்டும் கேட்கும்போது மீதியை மனம் வரைந்துகொள்கிறது, மனம் வரையும் படத்துக்கு எல்லை கிடையாது. அமெரிக்காவின் நார்தர்ன் இல்லினாய்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 171 அவசர அழைப்புப் பணியாளர்களிடம் செய்த ஆய்வை 2012-இல் வெளியிட்டார்கள். சம்பவ இடத்தில் இல்லாவிட்டாலும் அந்த அழைப்புகளின்போது இவர்கள் அனுபவிக்கும் மன வேதனை கடுமையானது, அது பின்னாளில் வரும் மன அதிர்ச்சிக் கோளாறின் அறிகுறிகளோடு தொடர்புடையது என்று அது காட்டியது. மறக்கவே முடியாத அழைப்பு எது என்று கேட்டபோது, அடிக்கடி வந்த பதில் குழந்தைக்கு எதிர்பாராமல் நேர்ந்த காயமோ மரணமோ.

இவ்வளவு இருந்தும் இவர்கள் ஏன் கண்ணில் படுவதில்லை? வேலையின் அமைப்பே அப்படி. அறை பூட்டிய அறை. பேசியது ரகசியம், வெளியில் சொல்லக் கூடாது. அழைத்தவருக்குப் பெயர் தெரியாது, முகம் தெரியாது. நடுக்கத்தில் குரல்கூட நினைவில் இருக்காது. இன்னொன்றும் உண்டு, அதைச் சொல்லவே வருத்தமாக இருக்கிறது. அவசர அழைப்பின் ஒலிப்பதிவு செய்தியில் வருவது பெரும்பாலும் ஏதாவது தவறு நடந்தபோதுதான். சரியாக நடந்த ஆயிரம் அழைப்புகள் பதிவுக் கணினியில் தூங்கும். தவறிய ஒன்று ஊரெல்லாம் கேட்கும். தவறு வெளியே வருவது நல்லதுதான், அப்படித்தான் முறைகள் திருந்துகின்றன. ஆனால் மக்கள் காதுக்கு அது ஒன்று மட்டுமே போய்ச் சேர்ந்தால், இந்த வேலையைப் பற்றி அவர்களுக்கு உருவாகும் சித்திரம் கோணலாகத்தான் இருக்கும்.

அவசர எண்ணின் வரலாற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். 1935 நவம்பரில் லண்டன் விம்போல் தெருவில் ஒரு வீடு தீப்பற்றி ஐந்து பெண்கள் இறந்தார்கள். தொலைபேசியில் தீயணைப்பு நிலையத்தை அழைக்க முயன்ற அண்டை வீட்டுக்காரர் இணைப்பகத்தில் வரிசையில் காத்திருக்க நேர்ந்தது. அவர் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார், விசாரணை நடந்தது, 1937 ஜூன் 30 அன்று லண்டனில் 999 என்ற எண் தொடங்கியது. அந்த எண்ணுக்கு அழைப்பு வந்தால் இணைப்பகத்தில் சிவப்பு விளக்கு எரியும், ஒலிப்பான் கத்தும். பெண் ஊழியர்கள் மற்ற வேலையை விட்டுவிட்டு அதை முதலில் எடுப்பார்கள். எண்ணைவிட முக்கியமான கண்டுபிடிப்பு அதுதான் என்பேன். மற்ற எல்லாரையும் காக்க வைத்துவிட்டு இந்த ஒருவருக்காக நிமிரும் ஒரு மனிதர் மறுமுனையில் வேண்டும் என்று ஒரு நாடு ஏற்றுக்கொண்டது.

அமெரிக்காவில் 911 என்ற அவசர எண்ணின் முதல் அழைப்பு 1968 பிப்ரவரி 16 அன்று அலபாமாவின் ஹேலிவில் என்ற சிற்றூரில் நடந்தது. அழைத்தவர் மாநிலச் சட்டமன்றத் தலைவர் ராங்கின் ஃபைட், எடுத்தவர் நாடாளுமன்ற உறுப்பினர் டாம் பெவில். தொடக்க விழா என்பதால் அப்படி. அதற்கு மறுநாளிலிருந்து அந்தப் போனை எடுத்தவர்கள் யார் என்பதை வரலாறு அந்த அளவுக்குக் குறித்து வைக்கவில்லை.

அவர்களைக் குறித்து வைக்க வேண்டும் என்று தோன்றியவர் கலிபோர்னியாவில் கான்ட்ரா கோஸ்டா மாவட்ட ஷெரீஃப் அலுவலகத்தில் இருந்த பாட்ரிசியா ஆண்டர்சன். 1981-இல் தன் அலுவலகத்தின் அழைப்புப் பணியாளர்களுக்காக ஒரு வாரத்தை ஒதுக்கலாம் என்று யோசனை சொன்னார். மூன்று ஆண்டுகள் அந்த ஓர் அலுவலகத்தில் மட்டுமே அது நடந்தது. பிறகு துறைசார் சங்கம் கையில் எடுத்தது, மற்ற ஊர்களுக்கும் மாநிலங்களுக்கும் பரவியது, 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்க நாடாளுமன்றமே தீர்மானம் நிறைவேற்றியது. இன்று ஏப்ரலின் இரண்டாவது முழு வாரம் அங்கே பொதுப் பாதுகாப்புத் தொலைத்தொடர்பாளர் வாரம். ஜப்பானில் நவம்பர் 9-ஐ 119 நாள் என்றும், ஜனவரி 10-ஐ 110 நாள் என்றும் அனுசரிக்கிறார்கள். 119 அங்கே தீயணைப்புக்கும் ஆம்புலன்ஸுக்குமான எண், 110 போலீஸ் எண்; தேதியே எண்ணாக அமைகிறது. ஐரோப்பாவில் பிப்ரவரி 11 அன்று, அங்குள்ள பொது அவசர எண்ணின் பெயரில், 112 நாள். இவற்றில் ஜப்பானிய, ஐரோப்பிய நாட்களின் முதல் நோக்கம் எண்ணை மக்களிடம் கொண்டு சேர்ப்பதும் சரியாகப் பயன்படுத்தச் சொல்வதும்தான். அமெரிக்க வாரம் எடுப்பவர்களுக்காகவே பிறந்தது. அந்த வித்தியாசம் முக்கியம். எண்ணைக் கொண்டாடுவது எளிது, ஆளைக் கொண்டாட அந்த ஆள் என்ன செய்கிறார் என்று தெரிந்திருக்க வேண்டும்.

இனி விஷயத்தின் கனமான பகுதிக்கு வருவோம். ஒரு வாரம் முழுக்கக் கேக் வெட்டலாம், சான்றிதழ் கொடுக்கலாம். அதற்கு அடுத்த வாரம் என்ன? அங்கீகாரம் என்ற சொல்லுக்கு அரசாங்கக் காகிதத்தில் ஒரு அர்த்தம் உண்டு, அங்கேதான் பெரிய சண்டை நடக்கிறது.

அமெரிக்க அரசு தன் புள்ளிவிவரத்துக்காக எல்லா வேலைகளையும் வகை பிரித்து எண் கொடுத்து வைத்திருக்கிறது. 33 என்று தொடங்கும் வகை பாதுகாப்புச் சேவைகள்: போலீஸ், தீயணைப்பு, சிறைக் காவலர், கடற்கரையில் நீந்துபவர்களைக் காக்கும் உயிர்காப்பாளர்கூட அதில் இருக்கிறார். 43 என்று தொடங்கும் வகை அலுவலக, நிர்வாக உதவிப் பணிகள். அவசர அழைப்பை எடுப்பவர்கள் இந்த 43-இல் இருக்கிறார்கள், எழுத்தர்களோடும் வரவேற்பாளர்களோடும். 2018-இல் வகைப்பாட்டைத் திருத்தியபோது பணியின் பெயரைப் "பொதுப் பாதுகாப்புத் தொலைத்தொடர்பாளர்" என்று மாற்றினார்கள், இடத்தை மாற்றவில்லை. செய்யும் வேலையின் தன்மையை வைத்தே வகை பிரிக்கிறோம், இது வண்டியை அனுப்பும் வேலை என்பது அவர்கள் தரப்பு வாதம்.

எழுத்தர் வேலையும் வரவேற்பாளர் வேலையும் மதிப்புள்ளவைதான், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் தரையில் கிடக்கும் அப்பாவின் மார்பை மகளின் கையால் அழுத்த வைத்தவரின் வேலை அந்தப் பட்டியலில் பொருந்தவில்லை. இதைத் திருத்தத்தான் 2019-இல் 911 சேவ்ஸ் சட்டம் என்ற மசோதா அமெரிக்க நாடாளுமன்றத்தில் கொண்டுவரப்பட்டது. கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் நார்மா டோரஸ். அவர் அரசியலுக்கு வருமுன் லாஸ் ஏஞ்சலஸ் காவல் துறையில் 911 அழைப்புகளை எடுத்தவர். அந்த நாற்காலியில் உட்கார்ந்தவரே சபைக்குப் போய்ப் பேச வேண்டியிருந்தது. இதற்கிடையே சில மாநிலங்கள் காத்திருக்காமல் தாமே முடிவெடுத்தன. டெக்சஸ் 2019-லும் கலிபோர்னியா 2020-லும் தங்கள் சட்டங்களில் இவர்களை முதலில் உதவிக்கு வருவோரின் பட்டியலில் சேர்த்தன.

ஒரு வகை எண்ணுக்கு ஏன் இத்தனை போராட்டம் என்று புதிதாகக் கேட்பவர்களுக்குத் தோன்றும். அந்த எண் நேரடியாகச் சம்பளத்தை உயர்த்தாது. ஆனால் ஒரு வேலையை ஆபத்தான, மனதைப் பாதிக்கும் வேலை என்று ஏற்றுக்கொண்டால், மனநல உதவி, பயிற்சிக்கான நிதி, பணிக்கால நோய்க்கான இழப்பீடு, ஓய்வுக்கால ஏற்பாடு என்று பேச ஒரு பிடி கிடைக்கிறது. அலுவலக வேலை என்று எழுதி வைத்திருக்கும்வரை, "போன்தானே பேசினீர்கள், உங்களுக்கு எதற்கு ஆலோசகர்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லவே பாதி நேரம் போய்விடும். ஆள் நிலைக்காமல் போவதும் இதோடு சேர்ந்ததுதான். இரவு ஷிஃப்ட், ஆள் பற்றாக்குறையால் இழுத்தடிக்கும் கூடுதல் நேரம், பண்டிகை நாளில் வேலை. இப்படி ஆட்கள் விலகிப் போனால், மீதி இருப்பவர்கள் மேல் சுமை ஏறும், நம் அழைப்பு இன்னும் சில விநாடி அடித்துக்கொண்டிருக்கும்.

விருதுகளைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். டிஸ்பேட்சர்களுக்கு விருது கொடுக்கும்போது பெரும்பாலும் நல்லபடி முடிந்த அழைப்புகளே தேர்வாகின்றன. போனில் வழிகாட்டிப் பிரசவம் பார்க்க வைத்தார், குழந்தையின் தொண்டையில் சிக்கியதை எடுக்க வைத்தார் என்று. கேட்க இதமாக இருக்கும், அவர்கள் அதற்குத் தகுதியானவர்களே. ஆனால் அதே அறையில் அதே இரவில் இன்னொருவர் அதே முறையில், அதே நிதானத்தோடு எண்ணிக்கொண்டிருந்திருப்பார், அந்த அப்பா பிழைத்திருக்க மாட்டார். வேலையின் தரத்தில் இருவருக்கும் நடுவே துளி வேறுபாடு இல்லை. முடிவை மட்டும் பார்த்துக் கொடுக்கும் பாராட்டு, இரண்டாமவர் மனதில் "நான் எங்கே தவறினேன்?" என்ற கேள்வியை இன்னும் ஆழமாக இறக்கிவிடும். எப்படிச் செய்தார் என்பதைப் பார்த்துப் பாராட்டுவதற்கு மேலதிகாரிகள் ஒலிப்பதிவைப் பொறுமையாகக் கேட்க வேண்டும். நல்ல கட்டுப்பாட்டு அறைகளில் தரச் சோதனைக்காக அழைப்புகளைக் கேட்பது எப்படியும் நடக்கிறது. தவறு தேடக் கேட்கும் அதே காதால் நன்றாகச் செய்ததையும் குறித்துச் சொல்லலாம்.

முடிவைத் தெரிவிப்பதும் அப்படித்தான். மருத்துவமனைக்குக் கொண்டுபோனவர் என்ன ஆனார் என்று, நோயாளியின் அந்தரங்கத்தைக் காத்துக்கொண்டே, கட்டுப்பாட்டு அறைக்கு ஒரு வரி திரும்பி வர ஏற்பாடு செய்யலாம். பிழைத்தார் என்றால் மகிழ்ச்சி. இறந்துவிட்டார் என்றாலும், தெரியாமல் இருப்பதைவிடத் தெரிந்துகொள்வதே நல்லது என்று சொல்கிற டிஸ்பேட்சர்கள் நிறையப் பேர்.

அப்புறம், நாம் என்ன செய்யலாம்? அழைக்கும்போது இடத்தை முதலில் சொல்வதும், கேள்விகளுக்குப் பதில் சொல்வதும், அவர் சொல்லும்வரை லைனை வைக்காமல் இருப்பதும் அந்த வேலைக்கு நேரடி மரியாதை. தவறுதலாக அழுத்திவிட்டால் பயந்துபோய்த் துண்டிக்காமல், "தெரியாமல் பட்டுவிட்டது, இங்கே ஒன்றும் இல்லை" என்று சொல்லிவிட்டு வைக்க வேண்டும். இல்லையென்றால் அவர் உங்களுக்கு என்ன ஆனதோ என்று திரும்ப அழைத்துக்கொண்டிருப்பார்.

உங்கள் வீட்டில் எப்போதாவது அப்படி ஓர் அழைப்பு நடந்திருந்தால், அந்தக் குரலை நீங்கள் கண்டுபிடிக்க முடியும். அவசர எண்ணில் அழைத்து நன்றி சொல்லக் கூடாது, அந்த லைன் வேறொருவருக்கு வேண்டும். அந்தச் சேவையை நடத்தும் அலுவலகத்துக்கு ஒரு கடிதமோ மின்னஞ்சலோ போதும். அழைத்த தேதி, ஏறக்குறைய நேரம், எந்த எண்ணிலிருந்து அழைத்தீர்கள் என்ற மூன்றையும் எழுதுங்கள். அழைப்புகள் நேரத்தோடும் எண்ணோடும் பதிவாவதால், யார் எடுத்தார் என்று அவர்களால் தேட முடியும். எத்தனை மாதம் கழித்து எழுதுகிறோம் என்று தயங்க வேண்டாம். கடைசியில், அன்றைக்குக் கதவு திறந்த பிறகு என்ன நடந்தது என்று எழுதுங்கள். "அப்பா இப்போது தினமும் நடக்கப் போகிறார்" என்றோ, "அப்பா மூன்றாம் நாள் போய்விட்டார், ஆனால் நாங்கள் எல்லாரும் வந்து பார்க்கும்வரை இருந்தார்" என்றோ.